கொண்டுவந்தவர் சொன்னபடி

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே டீச்சர் என் நோட்டைத் தூக்கி மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டுவார். பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் செய்த காரியத்துக்கும் அந்தக் கையெழுத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது, அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன். நான் சொல்லச் சொல்ல டைப் செய்துகொள்ள ஆள் இருக்கிறார் என்றீர்கள். பேப்பரும் பேனாவும் போதும் என்றேன். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரருக்கு அது வேடிக்கையாக இருந்தது போலிருக்கிறது. உங்களுக்கு இல்லை.

இறந்தவர்களைப் பரிசோதிக்கிற டாக்டர், உயிரோடு இருப்பவர்களையும் இப்படி எதிரே உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்பார் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் குரலை உயர்த்தவில்லை. குடிக்கத் தண்ணீர் வைத்தீர்கள். அதற்காகவே எதையும் மறைக்காமல் எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

குழந்தைகள் அவசரப் பிரிவில் நான் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ். வாசலை ஒட்டிய முதல் மேசை என்னுடையது. யார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாலும் முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான். அழுகிற அம்மாவை உட்கார வைத்து, என்ன நடந்தது என்று கேட்டு, வரவுத் தாளை எழுதி டாக்டருக்கு அனுப்ப வேண்டும். தாளின் மேல் மூலையில் இரண்டு கட்டங்கள் உண்டு: காயம், நோய். ஒன்றில் டிக் போட வேண்டும். நடுவில் பெரிய இடம். அதன் தலைப்பு, ‘எப்படி நடந்தது: கொண்டுவந்தவர் சொன்னபடி’. கீழே இன்னொரு சின்னக் கட்டம். யாரோ குழந்தைக்குச் செய்த காயம் என்று சந்தேகம் வந்தால் அதில் சிவப்பு முத்திரை குத்த வேண்டும். முத்திரை விழுந்துவிட்டால் அது போலீஸ் கேஸ். அப்புறம் டாக்டர் நினைத்தாலும் அந்தக் குழந்தையை வீட்டுக்கு அனுப்ப முடியாது.

டாக்டர்கள் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள், நீங்களும் டாக்டர்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள், கோழி கிளறியது போலிருக்கும். என் தாளை யாரும் ஒரே மூச்சில் படித்துவிடலாம். கூட்டம் நெரிகிற நேரத்தில் டாக்டர்கள் குழந்தையைப் பார்க்கும் முன் என் தாளைத்தான் பார்ப்பார்கள். என் தாள் ஒரு வழி காட்டும், அவர்கள் அந்த வழியில் போவார்கள். இதில் தப்பொன்றும் இல்லை. வேலை அப்படித்தான் ஓடும்.

பிள்ளைக்கு அடிபட்டு வருகிற பெற்றோர் எதையும் ஒழுங்காகச் சொல்ல மாட்டார்கள். ஒரு அம்மா, தண்ணீர்க் குழாய் சரிசெய்ய வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவனைத் திட்டுவதில் ஆரம்பிப்பாள். பத்து நிமிஷம் கழித்துத்தான் குளியலறை வழுக்கிய விஷயம் வெளியே வரும். ஒரு அப்பா, மகன் மூக்குக்குள் பாசிமணியைப் போட்டுக்கொண்டான் என்று தூக்கி வந்தார். எப்படிப் போட்டான் என்று கேட்டேன். இப்படித்தான் என்று இன்னொரு மணியைத் தன் மூக்கில் வைத்துக் காட்டினார். அன்றைக்கு எங்கள் டாக்டர் இரண்டு மணிகளை எடுத்தார். இந்த மாதிரிக் குழப்பத்தையெல்லாம் வடிகட்டி, முதலில் என்ன, பிறகு என்ன, கடைசியில் என்ன என்று வரிசைப்படுத்தித் தருவதுதான் என் திறமை. எல்லோரும் மெச்சிய திறமை.

முத்திரை விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம் ஒரு கைக்குழந்தை வெந்நீர்க் காயத்தோடு வந்தது. அம்மா சொன்னது முன்னுக்குப் பின் முரணாக இருந்தது. விதிப்படி முத்திரை குத்தினேன். விசாரித்தார்கள். அப்பாவைக் காவலில் வைத்தார்கள், குழந்தையை அரசு விடுதிக்கு அனுப்பினார்கள். எட்டு மாதம் கழித்து, அது உண்மையிலேயே கைதவறி நடந்தது என்று தெரிந்தது. குழந்தையைத் திருப்பித் தந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அது அம்மாவிடம் போக மாட்டேன் என்று விடுதிப் பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அந்த அம்மா அழக்கூட இல்லை. கையை நீட்டியபடியே நின்றாள்.

எனக்குச் சில நாள் சோறு இறங்கவில்லை. ஒரு குடும்பத்தை உடைக்க ஒரு நொடி போதும், ஒட்ட வைக்க யாராலும் முடியாது என்று புரிந்தது. அன்றிலிருந்து முத்திரையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் யோசிப்பேன். ஒரு தகப்பன் தெரியாமல் ஓங்கி அறைந்திருப்பான், வேலை போன வேதனையில் இருந்திருப்பான். தாய் தூக்கமில்லாமல் பொறுமை இழந்திருப்பாள். அவர்கள் முகத்தில் அப்போதே பாதி உயிர் இருக்காது. ‘எதிலிருந்தாவது விழுந்ததா?’ என்று நானே கேட்பேன். அவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு நான் எழுதுவேன்.

எழுதுவது என்றால் சும்மா எழுதிவிட முடியாது. காயம் ஒன்று சொல்ல, கதை வேறொன்று சொன்னால் நல்ல டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். இன்னும் புரளத் தெரியாத குழந்தை கட்டிலிலிருந்து உருண்டு விழாது. காயத்துக்கும் வயதுக்கும் நேரத்துக்கும் பொருந்துகிற மாதிரி எழுத வேண்டும். எனக்கு அது கை வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் பதினொரு குழந்தைகளுக்கு அப்படி எழுதினேன். கணக்கு நீங்கள் சொன்னதுதான், சரியாகத்தான் எடுத்திருக்கிறீர்கள். பெற்றோர் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்துத்தான் அனுப்பினேன். இனிமேல் கை நீட்ட மாட்டோம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒருவர்கூட மறுபடி என் மேசைக்கு வரவில்லை.

அவர்களில் நான்கு பேர் வேறு மருத்துவமனைகளுக்குப் போயிருக்கிறார்கள் என்றும், அதில் இரண்டு குழந்தைகள் பிழைக்கவில்லை என்றும் நேற்று நீங்கள் சொன்னீர்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த மருத்துவமனைகளில் வரவுத் தாள் எழுதியது யார் என்று எனக்குத் தெரியாது.

இனி என் தம்பியைப் பற்றி.

எங்கள் அம்மா போனபோது எனக்குப் பதினேழு வயது, அவனுக்கு ஆறு. அப்பா இருந்தும் இல்லாத மாதிரி. குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது எல்லாம் நான்தான். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. அவன் நல்லவன். லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டாவது மாடியில் கம்பி அறுந்தாலும் பதறாமல் நின்று சரி செய்வான், நாலு பேர் அவனைத் தேடி வருவார்கள். கோபம் வந்தால் மட்டும் கண்மண் தெரியாது. அது போன பிறகு பச்சைக் குழந்தை மாதிரி வந்து என் மடியில் தலை வைத்து அழுவான். பள்ளிக்கூடத்தில் ஒரு பையனின் பல்லை உடைத்துவிட்டு வந்தபோதுகூட, அந்தப் பையனே தடுக்கி விழுந்தான் என்று தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொன்னது நான்தான். அவர் நம்பினார். என் முகம் அப்படி.

அவனுக்குக் கல்யாணம் ஆனது, பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையை நாங்கள் வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். ஒன்றரை வயதிலேயே வாய் ஓயாது. எறும்பைப் பார்த்தால் எங்கே போகிறாய் என்று கேட்கும், செருப்பைப் பார்த்தால் உன் ஜோடி எங்கே என்று கேட்கும். என் வெள்ளை உடையைப் பார்த்து, அத்தை ஏன் இன்னும் கலர் அடிக்கவில்லை என்று கேட்டது. அந்தக் குழந்தை மேல் எனக்கு உயிர். இதை நீங்கள் நம்ப வேண்டும், ஏனென்றால் இதுவும் உண்மை.

வாயாடி முதல் முறை என் மேசைக்கு வந்தபோது இரண்டு வயது. மத்தியானம் இரண்டு மணி. தம்பி மனைவி தூக்கி வந்தாள். இடது மேல்கை எலும்பு முறிந்திருந்தது. எக்ஸ்ரே படம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முறிவு சுற்றிச் சுற்றி ஓடியது. விழுந்தால் அப்படி முறியாது, யாராவது பிடித்துத் திருக வேண்டும். தம்பி மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. நான் எழுதினேன்: ‘படியில் இறங்கும்போது அம்மா குழந்தையின் இடது கையைப் பிடித்திருந்தார். குழந்தையின் கால் வழுக்கியது. அம்மா பிடியை விடாததால் உடல் ஒரு பக்கம் சுழன்று கை முறுக்கிக்கொண்டது.’ எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்தார், என் தாளைப் பார்த்தார், சரியாக இருக்கிறது என்றார். காயம் என்ற கட்டத்தில் டிக். முத்திரை இல்லை.

அன்று சாயங்காலம் தம்பி என் வீட்டுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதான். இனி இல்லை என்றான். அவன் என்னிடம் பொய் சொன்னதே இல்லை. சொல்லும் நேரத்தில் அவனுக்கு அது உண்மைதான்.

இரண்டாவது முறை வாயாடிக்கு மூன்றரை வயது. உதடு கிழிந்திருந்தது, காதுக்குப் பின்னால் கன்றிப்போயிருந்தது. விளையாடுகிற பிள்ளைக்கு நெற்றியில் அடிபடும், முட்டியில் அடிபடும். காதுக்குப் பின்னால் தானாக அடிபடாது. அன்றைக்கு டியூட்டியில் இருந்தது புது டாக்டர். சின்னப் பெண், படித்து முடித்து வந்து நாலு மாதம். அவளுக்கு ஒரு பழக்கம், பேசத் தெரிந்த குழந்தை என்றால் பெற்றோரை வெளியே நிறுத்திவிட்டுக் குழந்தையிடமே கேட்பாள். பாடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நல்ல பழக்கம்தான்.

அவள் வருவதற்குப் பதினைந்து நிமிஷம் இருந்தது. முதலில் தம்பி மனைவி என்னைக் கட்டுப்போடும் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“அண்ணி, இந்தத் தடவ அந்தச் சிவப்பு முத்திரையப் போட்டுடுங்க. நான் சொன்னா அவர் இல்லன்னு சொல்லிடுவார். நீங்க எழுதினா யாரும் மறுக்க மாட்டாங்க.”

அவளை நான் திட்டவில்லை. புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னேன்.

“போட்டா அவன மட்டும் கூட்டிட்டுப் போவாங்கன்னு நினைக்கிறியா? நீயும் அந்த வீட்லதான இருந்த? ரெண்டு தடவ நடந்திருக்கு, ஏன் தடுக்கலன்னு உன்னத்தான் முதல்ல கேப்பாங்க. புள்ளைய விடுதிக்கு அனுப்பிடுவாங்க. வாரத்துக்கு ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வரலாம். அதுவும் அவங்க விட்டா.”

அந்தக் கைக்குழந்தையின் கதையையும் சொன்னேன், அம்மாவிடம் வர மாட்டேன் என்று விடுதிப் பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டதை. கேட்டுக்கொண்டே சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் முத்திரையைப் பற்றிப் பேசவில்லை. நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எல்லாமே நடக்கக்கூடியதுதான்.

பிறகு வாயாடியை மடியில் வைத்துக்கொண்டேன். அத்தையும் நீயும் ஒரு விளையாட்டு விளையாடலாம் என்றேன். டாக்டர் அக்கா கேள்வி கேட்பார், நீ பதில் சொல்ல வேண்டும், சரியாகச் சொன்னால் நட்சத்திரம். எதிலிருந்து விழுந்தாய்? ஊஞ்சலிலிருந்து. ஊஞ்சல் என்ன கலர்? மஞ்சள். யார் ஆட்டிவிட்டது? நானே ஆடினேன். கலர் எதற்கென்றால், வெறுமனே விழுந்தேன் என்று சொல்கிற குழந்தையைவிட மஞ்சள் ஊஞ்சலிலிருந்து விழுந்தேன் என்று சொல்கிற குழந்தையைப் பெரியவர்கள் நம்புவார்கள். மூன்று முறை சொல்லிப் பார்த்தோம். வாயாடிக்குக் கற்பூர புத்தி. நாலாவது முறை, ஊஞ்சலில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது என்று தானாகவே ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. குருவி வேண்டாம் என்று சொல்லிக்கொடுத்தேன்.

புது டாக்டரிடம் அப்படியே சொன்னது, ஒரு எழுத்து பிசகவில்லை. நான் அந்தக் குழந்தையின் கன்னத்தில் நட்சத்திரம் ஒட்டினேன். இவ்வளவு தெளிவாகப் பேசுகிற குழந்தையைப் பார்த்ததே இல்லை என்று புது டாக்டர் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த நட்சத்திரத்தைக் குளிக்கும்போதும் எடுக்க விடவில்லையாம். தம்பி மனைவி பிறகு சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் எங்கள் பிரிவில் ஒரு புது விதி வந்தது. ஐந்து வயதுக்குள் ஒரே குழந்தை மூன்றாவது முறை காயத்தோடு வந்தால், காரணம் எதுவாக இருந்தாலும் முத்திரை கட்டாயம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. காயம் என்று டிக் போட்ட தாளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதுமே அது காட்டிவிடும். நல்ல விதி. கூட்டத்தில் அதை ஆதரித்து நானும் பேசினேன். அந்த அறிவிப்பைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியதும் நான்தான். என் மேசையிலிருந்து தலையைத் தூக்கினால் நேர் எதிரே அதுதான் தெரியும்.

மூன்றாவது முறை வாயாடிக்கு நான்கு வயது இரண்டு மாதம். காலை பத்து நாற்பது. தம்பியே தூக்கி வந்தான், தம்பி மனைவி அவள் வேலை பார்க்கும் தையல் கம்பெனிக்குப் போயிருந்தாள். குழந்தையின் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. உதட்டோரம் வாந்தி காய்ந்திருந்தது. அழவில்லை, பேசவில்லை. தம்பி என் மேசைமேல் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

“உதைச்சுட்டேன்க்கா. வயித்துல. ரெண்டு தடவ. அவ அழுகைய நிறுத்தவே இல்ல.”

நான் அவனை வெளியே போய் உட்காரச் சொன்னேன். குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. வயிற்றில் விழுந்த அடி உள்ளே என்ன செய்திருந்தாலும் வெளியே தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை, உங்களுக்குத் தெரியாததா. வயிற்றைத் தொட்டேன். பலகை மாதிரி இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மாதிரி வயிற்றை நான் பலமுறை தொட்டிருக்கிறேன். அப்படி ஒரு குழந்தை வந்தால் தாளெல்லாம் அப்புறம்தான், முதலில் அறுவை சிகிச்சை டாக்டரைக் கூப்பிட ஓடுவேன். ஓடியும் இருக்கிறேன். நான் ஓடியதால் பிழைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அதையும் எங்காவது எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு நான் ஓடவில்லை. பேனாவை எடுத்தேன். தலையைத் தூக்கியபோது எதிரே சுவரில் என் கையெழுத்து இருந்தது. நோய் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். எழுதினேன்: ‘நேற்று மாலையிலிருந்து வாந்தி, நான்கு முறை. வெளியில் வாங்கிய தின்பண்டம் சாப்பிட்ட பிறகு தொடங்கியது. காய்ச்சல் இல்லை. அடிபடவில்லை. வயிறு மென்மையாக உள்ளது.’

கடைசி வாக்கியத்தை ஏன் எழுதினீர்கள் என்று நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். அது இல்லாவிட்டால் கதை முழுமையாக இருக்காது. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

வாந்தி, வயிற்றுப்போக்கு என்று வருகிற குழந்தைகளுக்கு ஜன்னல் ஓரமாக ஆறு கட்டில்கள் உண்டு. சலைன் ஏற்றிவிட்டு, அவசரமானவர்களை முடித்துவிட்டு டாக்டர்கள் கடைசியாக அங்கே வருவார்கள். வாயாடியை மூன்றாவது கட்டிலில் படுக்க வைத்தேன். ஊசி நானே போட்டேன், ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. குழந்தைக்கு வலித்திருக்காது. போர்வையை இழுத்துவிட்டபோது என் விரலைப் பிடித்துக்கொண்டு முதல் தடவையாக வாயைத் திறந்தது.

“அத்தை, இன்னைக்கு நான் எதுல இருந்து விழுந்தேன்?”

அந்தக் குழந்தை எவ்வளவோ கேள்வி கேட்டிருக்கிறது, எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்லியிருக்கிறேன். இதற்கும் சொன்னேன். இன்றைக்கு நீ விழவே இல்லை, உனக்கு வயிற்று வலி, அவ்வளவுதான் என்றேன். சரி என்றது. நட்சத்திரம் உண்டா என்று கேட்டது. உண்டு என்றேன்.

பதினொன்று இருபதுக்குப் புது டாக்டர் வந்தாள். குழந்தையை அவளுக்கு ஞாபகம் இருந்தது. மஞ்சள் ஊஞ்சல் பெண்தானே என்றாள். தாளைப் படித்த பிறகும், அவள் நல்ல டாக்டர், அவளை நீங்கள் தண்டிக்கக் கூடாது என்று இங்கேயே கேட்டுக்கொள்கிறேன், குனிந்து குழந்தையிடமே கேட்டாள்.

“மறுபடியும் எங்கயாச்சும் விழுந்தியா கண்ணு? யாராச்சும் அடிச்சாங்களா?”

வாயாடி என்னைப் பார்த்தது. நான் இல்லை என்று தலையை அசைத்தேன்.

“நான் விழவே இல்ல. எனக்கு வயித்து வலி.”

புது டாக்டர் போர்வையை விலக்கி வயிற்றில் கை வைக்கப் போனாள். அதே நேரத்தில் வாசலில் வலிப்பு கண்ட ஒரு குழந்தையைத் தூக்கி வந்து கூச்சல் போட்டார்கள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தொட்டுப் பார்த்துவிட்டேன், மெத்தென்று இருக்கிறது, நீங்கள் போங்கள் என்றேன். போனாள். ஒரு சொல்லில் அவளை நிறுத்தியிருக்கலாம். அந்தச் சொல் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் அடுத்து வருகிற சொற்களும் தெரியும்.

பன்னிரண்டு ஐம்பதுக்குக் குழந்தையின் நாடி தேய்ந்தது. அப்போதுதான் எல்லோரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். வந்ததிலிருந்து இரண்டு மணி நேரம் பத்து நிமிஷம். அறுவை அறையில் வயிற்றைத் திறந்தபோது கல்லீரல் கிழிந்து உள்ளே முழுக்க ரத்தம் என்று சொன்னார்கள். பத்து நாற்பதுக்கே அனுப்பியிருந்தால் பிழைத்திருக்கும் என்று நீங்கள் உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். மத்தியானம் இரண்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு எல்லாம் முடிந்தது.

தம்பி மனைவி வந்தபோது குழந்தையை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். அவள் கதறுவாள் என்று பயந்து தண்ணீரும் கையுமாக நின்றேன். அவள் கதறவில்லை. கட்டிலின் காலடியில் தொங்கிய தாளை எடுத்து முழுக்கப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இதுலயும் உங்க கையெழுத்து அழகாத்தான் இருக்கு, அண்ணி.”

அது மட்டும்தான் சொன்னாள். எனக்கு அது வலித்தது. நான் அவளுக்கு ஒரு கெடுதலும் நினைத்ததில்லை.

சேர்ந்த அன்றே இறந்த குழந்தை என்பதால் உடல் உங்களிடம் வந்தது. கல்லீரலைப் பார்த்ததும் உங்களுக்குத் தெரிந்துவிட்டது, அது தின்பண்டம் செய்த வேலை இல்லையென்று. ஆனால் நீங்கள் அதோடு நிறுத்தவில்லை. என்னுடைய பழைய தாள்களைக் கட்டுக்கட்டாக எடுத்துவரச் சொன்னீர்கள். ஐந்து நாள் உட்கார்ந்து படித்தீர்களாம். பிறகு பதினான்கு தாள்களை மட்டும் இந்த மேசையில் பரப்பி வைத்தீர்கள். பதினொன்று மற்றப் பிள்ளைகளுடையது, மூன்று வாயாடியுடையது. ஒன்றுகூடத் தவறவில்லை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஆச்சரியப்பட்டுக் கேட்டேன்.

“உங்க மத்த தாள் எல்லாத்துலயும் அந்த அம்மாக்கள் இருக்காங்க. குழாய்க்காரன் வரல, பக்கத்து வீட்டு நாய் குரைச்சுது, எல்லாம் ஓரமா எழுதியிருக்கீங்க. இந்தப் பதினாலுல மட்டும் யாருமே பயப்படல.”

உண்மைதான். நான் கவனிக்கவே இல்லை. மற்றத் தாள்களில் எவ்வளவு வரிசைப்படுத்தினாலும் பெற்றோரின் உளறல் இரண்டு வரியாவது ஒட்டிக்கொண்டு வரும். இவற்றில் தேவையில்லாத சொல் ஒன்றுகூட இல்லை. தேவைக்கு மேல் ஒழுங்காக எழுதியதுதான் நான் செய்த தப்பு. இதை ஒரு நர்ஸ் மட்டும்தான் செய்திருக்க முடியும் என்று நீங்கள் சொன்னபோது என்னை அறியாமல் தலையாட்டினேன்.

இனி ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். வாயாடியின் வயிற்றைத் தொட்ட நிமிஷமே எனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினேன். தெரிந்தே அந்தக் கட்டிலில் படுக்க வைத்தேன், தெரிந்தே டாக்டரைத் திருப்பி அனுப்பினேன். அந்த இரண்டு மணி நேரம் பத்து நிமிஷத்தில் நான் நான்கு முறை அந்தக் கட்டிலுக்குப் போய்க் குழந்தையின் தலையைத் தடவிக் கொடுத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. குழந்தை இறந்ததற்கு என் தாள்தான் காரணம்.

தம்பி முதல் நாளே எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அவனுக்கு ஒன்றையும் ஒழுங்காகச் சொல்ல வராது. பதற்றத்தில் தனக்கே பாதகமாக எதையாவது உளறியிருப்பான். அந்த மூன்றாவது தாளை, இந்த முறை உண்மையாக, நானே திருத்தி எழுதித் தர வேண்டும் என்று கேட்டீர்கள். அது நியாயம். எழுதி இதோடு இணைத்திருக்கிறேன். காயம் என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறேன். முத்திரை உங்கள் பக்கத்தில் இருக்கிறது, நீங்களே குத்திக்கொள்ளுங்கள்.

‘நான்கு வயது இரண்டு மாதப் பெண் குழந்தை. எப்படி நடந்தது: கொண்டுவந்தவர் சொன்னபடி. காலை ஒன்பதரை மணிக்குக் குழந்தை தரையில் படுத்து அழுதுகொண்டிருந்தது. அப்பா அவசரமாக வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். குழந்தை காலடியில் கிடந்ததை அவர் கவனிக்கவில்லை. எழுந்து திரும்பியபோது கால் இடறி, நிலை தடுமாறி, குழந்தையின் வயிற்றில் தெரியாமல் இரண்டு முறை பட்டுவிட்டது.’

படிக்கச் சிரமமாக இருந்தால் சொல்லுங்கள், இன்னொரு தாளில் எழுதித் தருகிறேன்.